ஓடிக்கொண்டிருந்த வைஃபை

அக்காவின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். வைஃபை வராத பழியும் என் தலையில்தான் விழுந்தது. வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். வயர் வழியாக நெட் தரும் ஒரே போனான மாமாவின் போனை மாட்டி, அதன் நெட்டில் டிரைவரை இறக்கி, நாள் முழுக்க மல்லுக்கட்டி, ஒருவழியாக வைஃபையை வரவைத்தேன்.

"வந்துடுச்சுக்கா. மாமா போனை எடுத்துக்கலாம்."

நெட் வந்தபிறகு என் கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் அப்டேட் கொடுத்துத் தொலைத்தேன். லினக்ஸின் உயிர்நாடியான கெர்னல் மாறியது, பழைய கெர்னலுக்குப் போட்ட டிரைவர் புதியதில் ஒட்டவில்லை. ரீஸ்டார்ட் ஆனதும் வைஃபையைக் காணோம்.

"அக்கா, மாமா போன் எங்கே?"

"அவர் அப்பவே ஊருக்குக் கிளம்பிட்டாரே. ஏண்டா, நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

"ஓடிச்சுக்கா. அதான் எனக்குப் பொறுக்கல."