விரல் நுனி சொல்லும் பொய்

நெளிவது டீச்சருடைய கையிலா, என் விரலிலா?

அவருடைய முழங்கை மடிப்பில் என் இடது ஆள்காட்டி விரல் அழுந்தியிருந்தது. ரத்தம் எடுக்கும் இந்த அறையில் பதினாறு வருடங்களாக நான் கண்ணை நம்பியதில்லை. ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, கண்ணை மூடி விரலால் தேடுவேன். தோலுக்கடியில் மெத்தென்று ஒன்று அமுங்கி எழும்பும். அங்கே ஊசியை இறக்கினால் தப்பாது.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்றார் டீச்சர்.

"சம்பளத்தோட தூங்க விடுற வேலை இது ஒண்ணுதான் டீச்சர்."

சிரித்தார். புற்றுநோய் மருந்தில் புருவம்கூட உதிர்ந்துவிட்ட முகம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்த பிறகுதான் அடுத்த மருந்து ஏற்றுவார்கள். மார்பில் அறுவை செய்த பக்கத்துக் கையில் குத்தக் கூடாது. மிச்சம் இந்த ஒரு கைதான். இதிலும் ரத்தக் குழாய்கள் உள்ளே போய் ஒளிந்துகொண்டுவிட்டன.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நரம்பின் மேலுறை தேய்ந்துபோகிற நோய். 'எலி கடிச்ச ஒயர்' என்று நானே சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நான் சிரித்தால் அவர்கள் பயப்படுவதில்லை. அவர்கள் பயப்படாதவரை எனக்கு இந்த நாற்காலி உண்டு. காலையில் பஸ் படியில் கால் ஏறினால் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். யாருக்கு என்று கேட்டால், காலுக்குத்தான். அந்த நன்றி பொய்யில்லை. நாளைக்கும் ஏறுமா என்ற கேள்வி மட்டும் அதன் அடியிலேயே கிடக்கிறது.

விரல் விஷயம் யாருக்கும் தெரியாது. ஒரு மாதமாக நுனி மரத்துவிட்டது. மரத்தது சும்மா இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே ஏதோ ஊர்கிறது. போன தடவை அந்த ஊர்தலை ரத்தக் குழாய் என்று நம்பி டீச்சரை இரண்டு முறை குத்தினேன். ரத்தம் வரவில்லை. மூன்றாவது, குருட்டு அதிர்ஷ்டம். "என் கை சரியில்லம்மா, நீ மனசுல வச்சுக்காத" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். நான் மறுத்துப் பேசவில்லை.

லேப் பொறுப்பாளர் கதவருகே எட்டிப் பார்த்தார். "இன்னும் ஆகலையா? வெளியில பதினோரு பேரு நிக்கிறாங்க."

"இன்னிக்கு டீச்சருக்கு நீங்க எடுங்க சார்."

"விளையாடாதீங்க. இவங்களுக்கு உங்களை விட்டா ஆளில்ல." அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மெடிக்கல் லீவு முடிஞ்சு சேர்த்தப்பவே சொன்னேன்ல? ஊசி பிடிக்கிற வரைக்கும்தான் இந்த சீட்டு."

"அவரு குத்தினா கடப்பாரை," என்றார் டீச்சர். "நீ குத்தினா எறும்பு. எனக்காகப் பாரும்மா."

கையை இன்னும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்களை இறுக்கி மூடினார். இத்தனை நாளும் இதை நம்பிக்கை என்றே எண்ணியிருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் பயம்.

நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்துவிட்டது. சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் குத்திவிடுவேன். விழுங்கினேன்.

ரப்பர் பட்டையை அவிழ்த்தேன்.

"போன தடவை தப்பு உங்க கையில இல்ல டீச்சர். என் விரலுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கண்டதையும் பேசாதீங்க. எடுங்க," என்றார் பொறுப்பாளர்.

ஊசியை உறையோடு தட்டில் வைத்தேன்.

"மாட்டேன் சார்."