காலி அறையின் சத்தம்

ஒரு புத்த பிக்குவைப் பற்றிய ஆவணப்படத்துக்கு நான்தான் எடிட்டர். எந்தக் கணமும் நிற்பதில்லை, நேற்றைய அறையும் இன்றைய அறையும் ஒன்றில்லை, அசைவு என்பதே நம் மயக்கம் என்று அவர் திரையில் சொல்லிக்கொண்டே இருப்பார். அசையாத படங்களை வரிசையாக ஓட்டினால் ஆள் நடப்பதுபோலத் தெரியும். எனக்கு இது அன்றாடப் பிழைப்பு. இதைக் கண்டுபிடிக்க மனுஷன் வீட்டைவிட்டுப் போகணுமா என்று முனகிக்கொண்டேதான் வேலை செய்தேன்.

படத்துக்கு ஒலிப்பதிவு என் மனைவி. படப்பிடிப்பு முடிந்த கொஞ்ச நாளிலேயே, மூளையில் ரத்தம் கசிந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

ஓரிடத்தில் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் வாய்மூடி நிற்கவைத்து, அந்த அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வார்கள். ரூம் டோன் என்போம். பேச்சை வெட்டும்போது விழும் ஓட்டைகளை அதை வைத்துத்தான் அடைப்பது. பிக்குவின் அறையில் பதிவானதை ஹெட்போனில் கேட்டேன். தூரத்துத் தெருச் சத்தத்துக்கு அடியில் ஒரு மூச்சு. மூக்கடைப்போடு வந்து, முடிவில் லேசாக விசில் அடித்தது. அதன் பக்கத்தில் வருஷக்கணக்காகத் தூங்கியவன் நான், எனக்குத் தெரியாதா? மைக் பக்கத்தில் மூச்சு விட்டவர்களையெல்லாம் வறுத்தெடுப்பவள், ஜலதோஷத்தில் தானே கோட்டை விட்டிருக்கிறாள்.

அந்தத் துண்டை எடுத்துப் படம் முழுக்க ஒட்டினேன். பிக்கு பேச்சை நிறுத்தும் இடத்திலெல்லாம் அவள் மூச்சு விட்டாள். வீட்டுக்குப் போகவே மனசில்லை. அங்கே யார் இருக்கிறார்கள்?

எல்லா ஒலிகளையும் சேர்த்துச் சரிசெய்யும் மிக்ஸிங் அன்று டைரக்டரும் வந்திருந்தார். மிக்ஸிங் செய்யும் பெண் பாதியில் நிறுத்தினாள்.

"சார், யாரோ மூச்சு விடுறாங்க."

"விடட்டுமே. ஆளுங்க இருந்த ரூம்தானே?"

"அது பரவால்ல சார். ஒரே மூச்சு திரும்பத் திரும்ப வருது. உயிரோட இருக்கறவங்க அப்படி விடமாட்டாங்க. கேக்கவே என்னமோ மாதிரி இருக்கு."

டைரக்டர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "இருந்துட்டுப் போகட்டும்பா. என் படம்தானே."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தப் பெண்மேல். மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெண் சொன்னது சரிதான். அது என் மனைவி இல்லை. அவள் ஒன்றுபோல இன்னொரு மூச்சு விட்டதே கிடையாது.

"எல்லாத்தையும் எடுத்துரும்மா. அந்த ரூம் காட்சியில மட்டும் ஒரு தடவை இருக்கட்டும்."

படம் ஓடியது. பிக்கு பேசி முடித்துக் கண்ணை மூடினார். மூச்சு வந்தது, போனது. அடுத்தது வராது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் விளக்கைப் போடும்வரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.