சாமியாத்தாளின் வலது முழங்கை

கணபதி என்ற ஊரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் எனும் கம்பிச்சுருள் கட்டுகிறவள் சாமியாத்தாள். பதினாறு வருடமாகச் செம்புக் கம்பியை இழுத்து முறுக்கியதில், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் வலது முழங்கை மக்கர் செய்தது. சொம்பைத் தூக்கினாலே உயிர் போனது. இரண்டு முறை போட்ட ஊசியும் சில மாதங்களுக்குத்தான் தாங்கியது.

"இது டென்னிஸ் எல்போங்கம்மா, முழங்கைத் தசைநார் நோவு," என்றார் எலும்பு டாக்டர் ஞானாபரணம். "அதிர்வலை மெஷின் புதுசா வந்திருக்கு. கிட்னிக் கல்லை உடைக்கிற அதே வகைதான். வாரம் ஒண்ணா மூணு தடவை வைக்கணும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்."

"கல்லையே ஒடைக்குதுங்களா? அப்ப என்ற கைக்கும் வெச்சுப்போடுங்க."

மெஷின் முனையை அழுத்தியதும் சுத்தியலால் தட்டுவதுபோல அடி விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். மறுநாள் வலி கூடியது.

"போதும் அம்மணி, வேற வேல பாத்துக்கலாம்," என்றான் கணவன் சுப்பண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. இன்னும் ரெண்டு தடவ இருக்குதுங்க."

மூன்றும் முடிந்தன. டாக்டர் சொன்னபடி கம்பியைத் தொடாமல், பட்டறையில் லேசான வேலையாகப் பார்த்தாள். ஒன்பதாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைத்த போர்வையை முறுக்கிப் பிழிந்து கொடியில் உதறிப் போட்டாள். அதற்கப்புறம்தான் கை வலிக்கவில்லை என்பதே உறைத்தது. உடனே வாளியிலிருந்து சுப்பண்ணனின் வேட்டியை எடுத்து, வேண்டுமென்றே இன்னும் பலமாக முறுக்கினாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க!"

"வேட்டி கிழிஞ்சு போயிரும் புள்ள," என்று சிரித்தான் அவன்.