ஈ, கிடா, அய்யா

1

இந்தக் கதை ஓர் ஈயால் வந்தது. இது 1982; மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஓர் ஆய்விதழில் படித்தேன்: பழ ஈக்களில் சில ஆண்களுக்குப் பெண்ணாகவே பிறக்கிறது. விந்தணுக்களில் பாதி மகனுக்கு, பாதி மகளுக்கு என்பதுதான் ஒழுங்கு. இந்த ஆண்களுக்குள்ளோ சுயநலம் பிடித்த மரபுத்துண்டு ஒன்று இருக்கிறது. விந்தணு உருவாகும்போதே, தான் இல்லாத மகன் பங்கைக் கெடுத்துவிட்டுத் தான் மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. பங்காளிச் சண்டைதான், வயல் மட்டும் ரொம்பச் சிறியது.

படித்ததும் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது.

2

முதல் தொடக்கம்: "1947இல் அபிராமத்துப் பக்கம் கூத்தையா என்றொரு கொடியவர்..."

அடித்துவிட்டேன். நான்கு பெண்களுக்கும் தானே தலை பின்னிவிடுகிறவரை எப்படிக் கொடியவர் என்பது?

இரண்டாவது: "கூத்தையாவுக்கும் பஞ்சம்மாளுக்கும் நான்கு பெண்கள். கடைசிப் பெண்ணுக்கு..." (அது நான்தான்; கூத்தையா என் அப்பா, எங்களுக்கு அய்யா. இரண்டு தொடக்கங்களிலும் ஒளிந்து பார்த்தேன், முடியவில்லை.)

3

ஆண் வாரிசு வேண்டுமென்று அய்யா உப்பூருக்கு இரண்டாம் தாரம் பார்க்கக் கிளம்பிய காலை. வண்டி பூட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு வீரபத்திரன் மாமா எங்கள் செம்மறிக் கிடாவை இரவல் கேட்டு வந்தார்.

"ஒங்க கிடா சேந்தா பொட்டைக்குட்டியாவே விழுகுதாம்ல மச்சான்?"

"பின்னே? பதினோரு குட்டியில ஒம்பது பொட்டை. எல்லாம் கிடாவோட ராசி!" அய்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கிடாவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"தொழுவுல பொட்டை விழுந்தா கிடா ராசி. வீட்டுல விழுந்தா மட்டும் என் வகுத்துக் குத்தமா?"

மாமா கிடாவை மறந்து நடையைக் கட்டினார். அய்யா செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.

(இங்கே ஈயை இழுத்துவர ஆசை. ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவால் வருவது, அது உறுதி. ஆனால் ஈயின் திருட்டுத்தனம் அய்யாவிடமோ கிடாவிடமோ இருந்தது என்பதற்கு ஆதாரமில்லை. நான்கு பெண்கள் தற்செயலாகவும் பிறப்பார்கள். போகட்டும், அம்மாவுக்கு ஆய்விதழ் தேவைப்படவில்லை.)

4

முடிவு ஒன்று: அய்யா மாட்டை அவிழ்த்தார். இது என் ஆசை.

முடிவு இரண்டு: அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பாம்பனில் தன் தம்பி வீட்டுக்கு— வேண்டாம். அவள் போகவில்லை.

நடந்தது: வண்டி போனது. அம்மா அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். தை மாதம் இரண்டாம் தாரமாகப் பூமயில் சித்தி வந்தாள். மறு தையில் அவளுக்கும் பெண் பிறந்தது.

சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். அய்யா வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளே சித்தியிடம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்:

"............................................"

இந்த வரியை என்னால் நிரப்ப முடியவில்லை. இத்தனை வருடம் கேட்டும் இருவரும் சொல்ல மறுக்கிறார்கள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, அதைக் கேட்டுச் சித்தி சிரித்தாக வேண்டும். ஏனென்றால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தது வாசல்வரை கேட்டது. அய்யாவுக்கும் கேட்டது.