தமயந்தி ஆவியான பாடவேளை

கடலோரத்து அந்த நடுநிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்புக்குத் திண்மம், நீர்மம், வாயு பாடம் வரும்போது ஒரு பிள்ளையை உருக்கிக் காட்டுவது வழக்கம். புத்தகத்தில் ஐஸ்கட்டி என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் ஐஸ்கட்டியைத் திரும்பக் கேட்டு வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. அதனால் பிள்ளைகள் கவனிப்பதில்லை.

இந்த முறை சீட்டு தமயந்திக்கு விழுந்தது. ஜெசிந்தா டீச்சர் இந்தப் பாடத்தை நடத்துவது இதுதான் முதல் தடவை.

சத்துணவுக்கூட அண்டாவில் உட்கார வைத்து வெயிலில் விட்டதும் தமயந்தி சீக்கிரமே உருகினாள். பிள்ளைகள் அவளைக் குடத்தில் ஊற்றினார்கள், குடம் போலானாள். வாளியில் ஊற்றினார்கள், வாளி போலானாள்.

"நீர்மத்துக்குத் தனி வடிவம் உண்டா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"இல்ல டீச்சர்," என்று வாளிக்குள்ளிருந்து தமயந்தி முதலில் சொன்னாள்.

பிறகு அவளைத் தகரக் கூரை வகுப்புக்குள் கொண்டுபோய், கதவு ஜன்னலை அடைத்து, தட்டுகளில் பரப்பி வைத்தார்கள். உச்சிவெயிலில் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஜெசிந்தா பெயரைக் கூப்பிட்டாள். "உள்ளேன் டீச்சர்" என்று நான்கு மூலையிலிருந்தும் பதில் வந்தது.

அப்போதுதான் வேர்வை தாளாமல் சிலுவைராஜ் ஜன்னலைத் திறந்தான்.

ஜெசிந்தா பாய்ந்து போய்ச் சாத்தினாள். அதற்குள் ஒரு காற்று வந்து போயிருந்தது. "டீச்சர், நான் இங்க இருக்கேன்" என்று மெல்லிய குரல் ஒன்று வெளியே மைதானத்தில் கேட்டது.

குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பித்தளைக் குடங்களை வகுப்பெங்கும் வைத்தார்கள். குடங்களின் மேல் தமயந்தி முத்து முத்தாகப் படிந்தாள். வழித்து எடுத்துச் சீருடைக்குள் ஊற்றி உறைய விட்டார்கள். கால் வந்தது, வயிறு வந்தது, முகம் வந்தது. வலது சட்டைக்கை மட்டும் தட்டையாகக் கிடந்தது.

"டீச்சர், எங்கம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்துரும்," என்றாள் தமயந்தி.

ஜெசிந்தா மைதானத்துக்கு ஓடினாள். மணல் கொதித்தது. ஆவி குளிர்ந்த இடத்தில்தான் படியும். அங்கே குளிர்ந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் நிற்கும் பிச்சையாவின் குச்சி ஐஸ் பெட்டி.

"மூடியில ஏதாவது படிஞ்சுதா?"

"இப்பதான் துடைச்சேன் டீச்சர்," என்று அவர் ஈரத் துணியைக் காட்டினார். "கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி நெளிஞ்சுது."

துணியைத் தன் இரு கைகளுக்குள் அவரைப் பிழிய வைத்தாள் ஜெசிந்தா. ஒரு கை அளவு தேறியது. மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தாள். கபடி ஆடிய பையன்கள் குறுக்கே உருண்டபோது நின்றாள். விரலிடுக்கில் ஒரு சொட்டு நழுவப் பார்த்தது, கைகளை இறுக்கிக்கொண்டாள். வகுப்பு வாசலில் தமயந்தியின் அம்மா ஆரோக்கியம், உப்பளத்து உப்பு முழங்காலில் வெளுத்திருக்க, நின்றுகொண்டிருந்தாள். ஜெசிந்தா அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சட்டைக்கைக்குள் ஊற்றினாள்.

முழங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விரல்கள் மெதுவாக நீண்டன.

ஆரோக்கியம் மகளின் கையைப் புரட்டிப் பார்த்தாள். "ஜில்லுனு இருக்கே."

"சாயந்தரத்துக்குள்ள சரியாயிரும்மா," என்றாள் ஜெசிந்தா.

ஆரோக்கியம் அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும். வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு."

அப்போது தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், அடுத்து ஏழாம் வகுப்புக்குப் பூமி சுழலும் பாடம். பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் திருப்பப் போறோம். பிள்ளைகளைத் தூணைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"அப்ப நாங்க இப்பவே கெளம்புதோம்," என்று ஆரோக்கியம் மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். "திருப்பிட்டா வாசல் கடலுக்குள்ள போயிரும்."

ஜெசிந்தா வழிவிட்டு, பக்கத்துத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.