சீர் முறுக்கு

இருநூற்றுப் பதினோராவது முறுக்கைத் துணிமேல் சுற்றி முடித்துவிட்டு வடிவாம்பாள் கையைக் கழுவினாள். ஐந்நூற்றொன்று வேண்டும். பிசைந்த மாவு பாத்திரம் நிறைய இருந்தது. விடிந்தால் தெருக்கோடி வீட்டில் கல்யாணம்.

பொரித்ததைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த அனந்து, செத்துப்போன அவள் புருஷனின் தம்பி, திரும்பிப் பார்த்தான்.

"என்ன மன்னி, நிறுத்திட்டேள்?"

"மதி, போறும். பாக்கியை உன் ஆத்துக்காரி சுத்தட்டும். அவதான் சுத்தறான்னு கல்யாண ஆத்துல சொல்லியிருக்கியே."

புருஷன் பரசுவய்யர் இருந்தவரை அவர் பொரிப்பார், இவள் சுற்றுவாள். கூலி ஐந்து ரூபாயும் இவள் கைக்கு வரும். அவர் போய் எட்டு மாதம். சீர் முறுக்கைச் சுமங்கலிதான் சுற்ற வேண்டும் என்பது கிழக்கேகோட்டை அக்ரகாரத்து வழக்கம். ஆகவே அனந்து தன் மனைவி பேரைச் சொல்லி வேலை பிடித்தான். அந்த மகராசிக்கு ஒரு சுற்றுக்கூட வராது. வடிவாம்பாள் தன் வீட்டுக் கொல்லையில் மறைவாக உட்கார்ந்து சுற்றினாள், பொரித்தாள், ஐந்தில் ஒன்றரை வாங்கினாள். வீட்டு வாடகையோ மூன்று. இந்த மாதமும் தவறினால் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு வேளைச் சோற்றுக்கு அனந்து வீட்டில் காலமெல்லாம் சமைத்துப்போட வேண்டியதுதான். அவனும் அதற்குத்தான் காத்திருந்தான்.

"சுத்தறதும் நான், பொரிக்கறதும் நான். அஞ்சு ரூபாயும் எனக்கு வரணும்."

"உங்க பேர் வெளியில வந்தா ஒருத்தன் வாங்குவானா? வெறுதே வம்பு பண்ணாதேங்கோ."

அந்த நேரத்தில் கல்யாணப் பெண்ணின் அம்மா சிவகாமியம்மாள் கொல்லை வழியாக வந்தாள். "முறுக்கு இன்னும் வரலையே, அனந்து? உன் ஆத்துக்காரி எங்கே?"

அனந்து கூடைமேல் குனிந்து முறுக்கை அடுக்கினான்.

"அவ இங்க வரவே இல்லை, மாமி," என்றாள் வடிவாம்பாள். "நான்தான் சுத்தறேன். ஆவணியில உங்க அண்ணா ஆத்துக் கல்யாணத்துக்கும் நான்தான் சுத்தினேன். எல்லாரும் தின்னேள். யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

சிவகாமியம்மாள் அவளுடைய வெள்ளைப் புடவையைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள். ஏழு சுற்றுச் சுற்ற அந்தத் தெருவில் வேறு ஆள் கிடையாது.

"நான் ஒண்ணும் பாக்கலை, ஒண்ணும் கேக்கலை. காலம்பற வந்து சேரணும், அவ்வளவுதான்." இடுப்பிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து அனந்துவிடம் நீட்டினாள்.

"எங்கிட்டக் கொடுங்கோ, மாமி."

மாமி தயங்கினாள். பிறகு, தொடாமல், காசைத் தரையில் போட்டாள். வடிவாம்பாள் குனியவில்லை.

"கையில தாங்கோ. இந்தக் கை சுத்தினதைத்தானே சம்பந்திக்குக் கொடுக்கப்போறேள்?"

சிவகாமியம்மாள் குனிந்து ஐந்தையும் பொறுக்கி அந்த ஈரக்கையில் வைத்துவிட்டுப் போனாள். வடிவாம்பாள் உள்ளே போய் அரை ரூபாய்ச் சில்லறை எடுத்துவந்து அனந்துவுக்குக் கொடுத்தாள்.

"கூடை சுமக்கற கூலி."

அவன் வாங்கிக்கொண்டான். அவள் மறுபடி மாவை எடுத்தாள்.

காலையில் நாதஸ்வரம் கேட்டது. ஊர்வலத்துக்கு முன்னால் ஓடிவந்த ஒருவர் அவள் வாசலில் நின்று கத்தினார்: "சீர் வரது, கதவைச் சாத்துங்கோ!"

"வாடகை கொடுக்கற வீடு. சாத்தமாட்டேன்," என்று அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

தாம்பாளங்கள் வரிசையாக வந்தன. மூன்றாவதை அனந்து ஏந்தி வந்தான், ஏழு சுற்று முறுக்கு. அவள் வாசல் நெருங்கியதும் ஒரு கையால் தோள் துண்டை உருவி, அவள் கண் பட்டுவிடாமல் முறுக்கை மூடிக்கொண்டு நடந்தான்.