கிராணி மைக்கேல்ராஜ் செய்த தப்பு

மைக்கேல்ராஜ் மூன்று முறை நாடாளுமன்றத்துக்குப் போனார், ஒரு தடவை துணையமைச்சராகவும் இருந்தார். அரசியல்வாதியைப் புகழ்வதென்றால் நம் ஆட்களுக்கு நாக்கு கூசும். கூசுவதில் நியாயமும் உண்டு. ஆனால் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அற்புதம்மாளிடம் போய் அவரை ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டு மரியாதையோடு திரும்பியவர் கிடையாது. கம்போங் ராஜாவில் சேக் தாவூத் சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்குக் குடியுரிமைப் பாரம் எழுதிக்கொடுத்தவர் அவர் என்று ஊரே சொல்லும். அற்புதம்மாள் சொல்வது அதற்கும் முந்திய கதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. வெள்ளைக்காரத் துரை சிறைமுகாமில் இருந்தார். தோட்டம் ஜப்பான்காரன் கையில். மைக்கேல்ராஜ் அப்போது இருபத்து மூன்று வயதுக் கிராணி, தோட்டக் கணக்கெழுதி, ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுகிறவர். லயத்தில் பிறந்து கிராணியானவர் என்பதால் அற்புதம்மாளுக்குத் 'தம்பி'. அவருக்கு அவள் 'அக்கா'.

அந்த மாதம் உத்தரவு வந்தது. சயாமில் ரயில்பாதை போட இருபது ஆம்பிளைகள் வேண்டும். கங்காணி சிங்காரம் தன் சொந்தக்காரர்களை நைசாக ஒதுக்கிவிட்டு, தேயிலை ஆலையில் வேலை பார்த்த இருபது பேரை எழுதிக்கொடுத்துவிட்டான். அதில் அடுப்புக்காரன் அருள்சாமி ஒருவன். அற்புதம்மாளின் புருஷன். பேராக் பக்கத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் ஒருத்தரிடமிருந்தும் ஒரு தகவலும் இல்லை. அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

மைக்கேல்ராஜ் யோசித்தார். ஜப்பான் பட்டாளத்துக்குத் தேயிலை வேண்டும். பறித்த கொழுந்தை மாடித் தட்டுகளில் பரப்பி வாட்டாமல் குவித்துப் போட்டால் சில மணி நேரத்தில் சூடேறிச் செவந்து வீணாகும். வியாழக்கிழமை அதிகாரி ஆலையைப் பார்க்க வருகிறான். அன்றைக்கு இருபது பேரும் காய்ச்சல் என்று படுத்துவிட வேண்டியது. வீணான குவியலைக் கண்ணால் பார்த்தால், இந்த ஆட்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்று அவனுக்கே விளங்கும்.

நல்ல யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் ஆம்பிளைகள் கூடிப் பேசினார்கள். "வீட்ல சொல்லிடாதீங்க. பொம்பளைங்க வாயில நிக்காது," என்றான் ஒருவன். எல்லாரும் தலையாட்டினார்கள். மைக்கேல்ராஜும் ஆட்டினார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா வந்த பழமொழியா!

வியாழக்கிழமை மதியம் பெண்கள் கூடை கூடையாகக் கொழுந்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆலையில் ஈ காக்கை இல்லை. அற்புதம்மாள் குவியலுக்குள் கையை விட்டாள். உள்ளே வெதுவெதுவென்றிருந்தது. பக்கத்தில் கூடையோடு நின்றவளிடம் திரும்பினாள்.

"இராசம்மா, இல சூடேறுதுடி! ஜப்பான்காரன் வந்து பாத்தா என்னா சொல்லுவான்? காய்ச்சக்காரனுங்க, ஒன்னுக்கும் ஆவாதவனுங்கன்னு இன்னிக்கே லோரியில ஏத்திடுவான்லா!"

"அதுக்கு நாம என்னாக்கா செய்றது?"

"கை இருக்குல்ல? தூக்கு!"

நாற்பது பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மூட்டை மூட்டையாக மாடிக்குச் சுமந்தார்கள், தட்டுகளில் பரப்பினார்கள். அருள்சாமி விறகு அடுக்குவதை எத்தனையோ நாள் பார்த்தவள் என்பதால் அற்புதம்மாளே அடுப்பையும் மூட்டினாள். மூன்று மணிக்கு ஆலை முழுக்கத் தேயிலை மணம். புருஷனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதிகாரி வந்தான். மாடிக்கு ஏறினான், கொழுந்தைக் கையில் அள்ளி முகர்ந்தான். கீழே இறங்கிவந்து உடைந்த மலாயில் மைக்கேல்ராஜிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தான். மைக்கேல்ராஜின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னா தம்பி சொல்றாரு?"

"ரொம்ப நல்லாருக்காம். பொம்பளைங்களே போதுமாம். இருபது பேரும் திங்கக்கிழமை சயாமுக்குப் போவணுமாம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அதை அற்புதம்மாள் தன் கையாலேயே பிடித்து வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் வேறொருத்தனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? 'கெடுத்தீங்களே பாவிங்களா' என்று பெண்களைத் திட்டிவிட்டுக் கையைக் கழுவியிருப்பான். மைக்கேல்ராஜ் அவர்கள் பக்கம் திரும்பி, கோயிலுக்குப் பின்னால் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"தப்பு என்னுது. ஒங்ககிட்ட சொல்லாம மறச்சிட்டேன். இப்ப எனக்கு ஒரு வழியும் தெரியல. நீங்க சொல்லுங்க."

அற்புதம்மாள் முதுகுக் கூடையைக் கழற்றினாள். தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்காளு போனா இந்தக் கை இலயத் தொடாது. அப்படியே சொல்லுங்க தம்பி. ஒரு வார்த்த கொறைக்காதீங்க."

இராசம்மா கூடையைக் கவிழ்த்தாள். பிறகு அடுத்தவள். நாற்பது கூடைகளும் கவிழ்ந்தன. மைக்கேல்ராஜ் மலாயில் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி கத்தியின் பிடியில் கை வைத்துவிட்டான். இவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கத்தினான். மலாய் தெரியாவிட்டாலும் கேள்வி அவளுக்கும் புரிந்தது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவன் கத்தியைப் பார்த்து மூடிக்கொண்டாள். ஒரு நொடிதான்.

"நான்தான்," என்றார் மைக்கேல்ராஜ்.

அடித்த அடியில் அவருக்கு இரண்டு பல் போனது. அதிகாரி பெண்களைப் பார்த்தான், மேலே வாடிக்கொண்டிருந்த கொழுந்தைப் பார்த்தான். பட்டாளத்துக்குத் தேயிலை போகாவிட்டால் அவன் தலைதான் உருளும். பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு மைக்கேல்ராஜின் நெஞ்சில் விரலால் குத்தினான். இருபது பேருக்குப் பதிலாக நீ போ என்றான்.

திங்கட்கிழமை லோரி புறப்பட்டபோது அருள்சாமி லயத்து வாசலில் நின்று குலுங்கி அழுதான். அற்புதம்மாளுக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. தன் புருஷன் வீட்டில் இருக்கிறான் என்ற சந்தோஷத்தை அவள் ஒளித்து ஒளித்துத்தான் அனுபவிக்க வேண்டியிருந்தது.

ஜப்பான்காரன் தோற்றுப்போன வருசக் கடைசியில் மைக்கேல்ராஜ் திரும்பி வந்தார். எலும்பும் தோலும், காலில் ஆறாத புண். பத்து நாளில் தடியை ஊன்றிக்கொண்டு தொழிலாளர் சங்கம் வைப்பதற்கு ஆட்களைக் கூட்டினார். அவருடைய அரசியலின் முதல் கூட்டம் அதுதான். பெரட்டு மைதானம் நிறைய ஆம்பிளைகள். பெண்கள் தூரத்தில் குழாயடியில் நின்று பார்த்தார்கள்.

மைக்கேல்ராஜ் பேசத் தொடங்கவில்லை. நொண்டிக்கொண்டு குழாயடிக்கே வந்தார். அற்புதம்மாள் அவர் காலைப் பார்த்ததும் உடைந்துபோனாள்.

"அன்னிக்கு நான்தான்னு சொல்லியிருக்கணும் தம்பி. வாயி வரல. எனக்காவ நீங்க சயாமுக்குப் போயி..."

"ஒங்களுக்காவ போவலக்கா," என்றார் அவர். "இருபத்தோரு ஆம்பளைங்க கூடிப் பேசுனோம். ஒங்களையும் ஒரு வார்த்த கேக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. அதுக்குத்தான் போனேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இராசம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆம்பிளைகள் நடுவே நடந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த கங்காணி சிங்காரத்தை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப பேசுங்க தம்பி," என்றாள்.